காட்டப்படாத அச்சம்: குறைந்த செலவுத் திகில் படங்களில் சூழலும் மெய்ப்பாடும்

ஆய்வுச்சுருக்கம்

குறைந்த செலவில் எடுக்கப்பட்ட திகில் படங்களுள் சில, பல்லாண்டுகள் கழிந்த பின்னும் பார்வையாளரை ஈர்க்கின்றன. பணமின்மையே அவற்றின் கலைத்திறனுக்குக் காரணம் என்னும் கருத்து திரைத் திறனாய்வில் அடிக்கடி எடுத்துரைக்கப்படுகிறது. 'கேட் பீப்பிள்' (1942), 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' (1962) ஆகிய இரு அமெரிக்கப் படங்களைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டுக் கோட்பாட்டின் துணையுடன் அணுகி, அக்கருத்து எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: திகில் படம், அச்சம், மெய்ப்பாடு, ஒலி, வால் லூட்டன், ஹெர்க் ஹார்வி.

முன்னுரை

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கைச் சுட்டுகிறது. உள்ளத்து உணர்வு உடலின்வழிப் பிறர்க்குப் புலப்படுதல் மெய்ப்பாடு எனப்படும். எனவே அச்சத்தை ஆராய்வோர் அஞ்சப்படும் பொருள், அஞ்சுவோரின் மெய்யில் தோன்றும் குறி என்னும் இரண்டையும் கருத வேண்டியுள்ளது. திகில் படங்களுக்கும் இப்பாகுபாடு பயன்படும். அஞ்சப்படும் பொருளைத் திரையில் நம்பும்படி காட்ட ஒப்பனை, பொறியமைவு, தந்திரக்காட்சி எனப் பெரும் செலவு வேண்டும். அஞ்சுவோரைக் காட்ட நடிகர் ஒருவரும், கவனத்துடன் ஆளப்பட்ட ஒளியும் ஒலியும் போதும்.

லூட்டன் பிரிவும் 'கேட் பீப்பிள்' படமும்

1942-இல் ஆர்.கே.ஓ. நிறுவனம் வால் லூட்டனின் பொறுப்பில் திகில் படப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. ஒரு படத்திற்கு 1,50,000 டாலருக்கு மேல் செலவிடலாகாது, நீளம் 75 நிமிடத்தைத் தாண்டலாகாது, தலைப்பை நிறுவனமே தரும் என்பன நிபந்தனைகள். இவ்வாறு தலைப்பு முன்னரும் கதை பின்னருமாகப் பிறந்த முதற்படமே ஜாக் டூர்னர் இயக்கிய 'கேட் பீப்பிள்'. ஆர்சன் வெல்ஸின் 'தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்' படத்திற்கென அமைக்கப்பட்ட மாடிப்படி, இப்படத்தில் நாயகியின் குடியிருப்புக் காட்சிகளுக்கு மீண்டும் பயன்பட்டது.

செர்பியாவிலிருந்து நியூயார்க்கில் குடியேறிய ஓவியர் இரீனா, காதலோ சினமோ மூண்டால் தான் சிறுத்தையாக மாறிவிடக்கூடும் என அஞ்சுகிறாள். கணவன் ஆலிவர் அதனைச் சிறுபிள்ளைத்தனமான கற்பனை என்கிறான். மனநல மருத்துவர் நோய் என்கிறார். அணங்கு, விலங்கு என இலக்கணம் பிரித்துக் கூறும் இரு நிலைக்களன்களும் இங்கு ஒருத்தியிடம் கூடுகின்றன. அவளே அஞ்சப்படுபவள், அவளே அஞ்சுபவளும் ஆகிறாள். இப்படத்தின் துயரம் இவ்விணைப்பில் வேர்கொண்டது.

இரவில் ஆலிவரின் அலுவலகத் தோழி ஆலிஸ் பூங்காவை ஒட்டிய சாலையில் தனியே நடந்து செல்லும் காட்சி குறிப்பிடத்தக்கது. அவளைப் பின்தொடரும் இரீனாவின் காலணி ஒலி முதலில் கேட்கிறது. பின்னர் அது நின்றுவிடுகிறது. ஒலி நின்றதை உணர்ந்த ஆலிஸ் திரும்பிப் பார்க்கிறாள். சாலை வெறுமையாக இருக்கிறது. அவள் நடை விரைகிறது, ஓட்டமாகிறது. திடீரென விலங்கின் சீறல் போன்ற ஓர் ஒலி. பேருந்து ஒன்று அவள்முன் வந்து நிற்கிறது. இக்காட்சியில் விலங்கு இல்லை. விரையும் நடை, திரும்பும் கழுத்து, அகலும் விழி ஆகிய மெய்க்குறிகளே உள்ளன. தொடர்ந்து, இறந்து கிடக்கும் ஆடுகளும், விலங்கின் காலடித் தடம் மெல்ல மெல்லப் பெண்ணின் காலணித் தடமாக மாறிச் செல்வதும் காட்டப்படுகின்றன. உருமாற்றம் என்னும் நிகழ்வு மறைக்கப்பட்டு, அதன் சுவடு மட்டும் பார்வையாளரிடம் ஒப்படைக்கப்படுகிறது.

விலங்கைக் காட்டியே ஆகவேண்டும் என்னும் நிறுவனத்தின் வற்புறுத்தலால், வரைபட அலுவலகக் காட்சியில் கருஞ்சிறுத்தை இடம்பெற்றது. டூர்னரும் ஒளிப்பதிவாளர் நிக்கோலஸ் முசுராக்காவும் அதனை நிழலுக்குள்ளேயே நிறுத்தினர். காட்டாமை இங்குச் செலவுக் கணக்கால் மட்டும் நேர்ந்ததன்று என்பதற்கு இது வலுவான சான்று. விலங்கு கையில் இருந்தபோதும் அவர்கள் இருளையே தேர்ந்தனர்.

இத்தேர்விற்கு அறம் சார்ந்த பயனும் உண்டு. தொடக்கத்திலேயே சிறுத்தை தெளிவாகக் காட்டப்பட்டிருப்பின் இரீனா வெறும் கொடிய உயிராகி, பார்வையாளரின் பரிவை இழந்திருப்பாள். சுவடுகளும் இல்லாதிருப்பின் மனம் பிறழ்ந்தவளாக ஒதுக்கப்பட்டிருப்பாள். ஐயத்தில் வைக்கப்படுவதால் பார்வையாளர் அவளது சொல்லை நம்புவதா என்னும் வினாவை எதிர்கொள்கிறார். அவள் எந்நாளும் பொய் சொன்னதில்லை என்று இறுதியில் ஆலிவர் ஒப்புக்கொள்ளும்போது அவள் உயிரோடு இல்லை. படத்தின் சூழல் அச்சம், நம்பப்படாத ஒரு பெண்ணின் தனிமையை உணர்த்தும் வாயிலாகிறது.

'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்': ஒலியற்ற உலகம்

கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் தொழில், கல்விசார் குறும்படங்களை எடுத்துவந்த ஹெர்க் ஹார்வி, ஏறத்தாழ 33,000 டாலர் செலவில் எடுத்த படம் இது. யூட்டா மாநிலத்தின் பெரும் உப்பு ஏரிக் கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த சால்டேர் கேளிக்கை அரங்கே இதன் முதன்மைக் களம். எந்த அரங்க அமைப்பாளரும் பெரும் பொருளின்றி உருவாக்க இயலாத பாழ்மையை அவ்விடம் இயல்பாகவே பெற்றிருந்தது.

ஆற்றில் விழுந்த காரிலிருந்து பல மணி நேரத்திற்குப் பின் கரையேறும் மேரி, தேவாலய ஆர்கன் இசைக்கலைஞராகப் பணியேற்க வேறு நகருக்குச் செல்கிறாள். வெண்முக மனிதன் ஒருவன் அவளைத் தொடர்கிறான். லூட்டன் படத்திற்கு மாறாக இங்கு அஞ்சப்படும் உரு வெளிப்படையாகவே காட்டப்படுகிறது. எனினும் அது எளிய வெள்ளைப் பூச்சு மட்டுமே. அச்சம் அம்முகத்தைக் காட்டிலும் ஆழமாக ஒலியின்மையில் பிறக்கிறது. கடையொன்றில் சுற்றுப்புற ஒலி அனைத்தும் அற்றுப்போக, மேரியின் பேச்சு எவர்க்கும் கேட்பதில்லை. அவள் எவர் கண்ணிலும் படுவதில்லை. ஆற்றிலிருந்து மீட்கப்படும் காரில் அவளது உடலும் இருப்பதைக் காட்டும் முடிவு, அவ்வொலியின்மையின் பொருளைப் பின்னோக்கி விளக்குகிறது.

துணைநடிகர் சிலரின் விறைப்பும், உதட்டசைவோடு பொருந்தாத குரலும் இப்படத்தின் குறைகளே. அவை மேரியின் அந்நியத்தன்மைக்கு உதவுவது உண்மையாயினும், திட்டமிட்ட உத்திகள் எனக் கொள்வது மிகைப்பாராட்டாகும்.

வறுமையும் தேர்வும்

பணமின்மையே சூழல் திகிலை உருவாக்கும் எனின், அக்காலத்து மலிவுப் படங்கள் யாவும் அத்திறம் பெற்றிருத்தல் வேண்டும். மோனோகிராம் நிறுவனத்தின் 'தி ஏப் மேன்' (1943) படமும் மலிவுப் படமே. அதில் பெலா லுகோசி அரைக்குரங்கு ஒப்பனையுடன் தயக்கமின்றிக் காட்டப்படுகிறார். விளைவு நகையாக முடிகிறது. தன்னால் இயலாததைக் காட்ட முயன்ற வறுமை அது. தன்னால் இயன்ற ஒளி, ஒலி, இடம், மெய் ஆகியவற்றை முழுமையாகப் பயன்கொண்ட வறுமை லூட்டனுடையதும் ஹார்வியுடையதும் ஆகும்.

முடிவுரை

குறைந்த செலவு சூழல் திகிலுக்கு வாய்ப்பை மட்டுமே தருகிறது. அஞ்சப்படும் பொருளினின்று அஞ்சுவோரின் மெய்ப்பாட்டிற்குக் கவனத்தை மாற்றும் படைப்பாளியின் தேர்வே அதனைக் கலையாக்குகிறது. இவ்வகைப் படங்களின் நீடித்த ஈர்ப்பிற்கும் இதுவே காரணம். ஒப்பனை உருக்கள் காலப்போக்கில் பழமையடைந்து நகைப்பிற்கு இடமாகின்றன. நின்றுபோன காலடி ஓசையைக் கேட்டுத் திரும்பும் ஒருத்தியின் அச்சமோ, இரவில் தனியே நடந்த எவர்க்கும் இன்றும் விளங்கக்கூடியது.