ஆணி விலையும் ஆன்ம விசாரணையும்

ஆங்கில இலக்கியத்தைக் கல்லூரியில் படித்தவன் அல்லன் நான். பி.யு.சி. முடித்த கையோடு மும்பைக்கு வந்து, மாமாவின் இரும்புக் கடையில் ஆணி நிறுத்துக் கொடுத்துப் பழகியவன். ஃப்ளோரா ஃபவுண்டன் நடைபாதைக் கடைகளில் பழைய புத்தகம் வாங்கிப் படிப்பது ஒன்றுதான் என் கல்லூரி. அப்படி ஒரு நாள் கையில் கிடைத்தது ஜான் வின்த்ராப்பின் நாட்குறிப்பு. மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தின் ஆளுநர் எழுதியது. மழைக்காலத்தில் கடையில் ஆள் நடமாட்டம் இல்லாத பகல்களில் புரட்டிக்கொண்டிருந்தேன். 1639ஆம் ஆண்டு நவம்பர் குறிப்புக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அங்கே ஒரு வியாபாரியை நிறுத்தி வைத்து, "ஏன் இவ்வளவு லாபம் வைத்தாய்?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வியாபாரியின் பெயர் ராபர்ட் கீன். இங்கிலாந்தில் ஒரு கசாப்புக்காரருக்குப் பிறந்து, லண்டனில் தொழில் பழகி, கையில் காசும் மனத்தில் பக்தியுமாக 1635இல் பாஸ்டனுக்கு வந்தவர். பியூரிட்டன்கள் என்று நாம் கேள்விப்படுகிற தூய்மைச் சமயத்தார் கூட்டத்தில் ஒருவர். சபையில் பிரசங்கம் நடக்கும்போது உட்கார்ந்து குறிப்பு எடுப்பவர். அந்தக் குறிப்பேடுகள் பின்னால் ஆராய்ச்சியாளர்களுக்கே உதவியிருக்கின்றன. இப்படிப்பட்டவர் மேல்தான் புகார் வந்தது. சில சரக்கில் ஷில்லிங்குக்கு ஆறு பென்ஸுக்கு மேல் லாபம், சிலவற்றில் எட்டுக்கு மேல், சில்லறைச் சாமான்களில் ஒன்றுக்கு இரண்டுக்கும் மேல். ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நூற்றுக்கு 50, 66, 100 என்று போகிறது. பொதுமன்றம் முதலில் 200 பவுன் அபராதம் விதித்துப் பின்பு குறைத்தது. அதோடு விட்டார்களா? சபையும் தனியே விசாரித்துக் கண்டித்தது. அந்தச் சபையின் போதகர் ஜான் வில்சன் வேறு யாருமல்லர், கீனுக்குச் சகலை. சகலை முன்னாலேயே கண்ணீர் விட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டார் மனிதர்.

வின்த்ராப்பை ஒன்று பாராட்ட வேண்டும். குற்றவாளிக்குச் சாதகமானதையும் மறைக்காமல் எழுதுகிறார். லாபத்துக்கு உச்சவரம்பு வைத்த சட்டம் எதுவும் அப்போது இல்லை. எல்லா நாட்டிலும் வியாபாரிகள் இப்படித்தான் செய்கிறார்கள். கால்நடை விற்றவனும் தானியம் விற்றவனும் கூலிக்காரனும்கூட அதே தவற்றைச் செய்துகொண்டிருந்தான். நியாய விலை எது என்பதில் சமயப் பெரியவர்களுக்கே ஒருமித்த கருத்து இல்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு, அப்புறம் ஏன் தண்டனை? இவர் பழைய பக்திமான், பணக்காரர், ஒரே பிள்ளை, மனசாட்சிக்காகக் கடல் கடந்து வந்தவர், முன்பே ஒரு முறை எச்சரிக்கப்பட்டவர், ஊரே பார்க்கிற மனிதர். ஆக, விலைக்கு மட்டும் போட்ட அபராதம் அல்ல அது; விற்ற ஆளைப் பார்த்தும் போட்டது.

அதையொட்டி, சபையின் உபதேசியார் ஜான் காட்டன் வியாபாரத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவு செய்கிறார். நம்மைப் போன்ற கடைக்காரர்கள் நின்று படிக்க வேண்டிய இடம் இது. எவ்வளவு மலிவாக வாங்க முடியுமோ வாங்கி, எவ்வளவு அதிகமாக விற்க முடியுமோ விற்கலாம் என்பது தவறு என்கிறார். சரி, யாரும் சொல்வதுதான். அடுத்தது: கடலில் கொஞ்சம் சரக்கு போய்விட்டால், அந்த நஷ்டத்தை மிச்சச் சரக்கின் மேல் ஏற்றக் கூடாது. ஏனென்றால் நஷ்டம் கடவுள் உனக்கு அனுப்பியது. அதை எடுத்து அடுத்தவன் தலையில் வைக்காதே. ஆனால் ஊரிலேயே பொருளுக்குத் தட்டுப்பாடு வந்தால் விலை கூட்டலாம். அங்கே கடவுளின் கை பொருளின் மேல் விழுகிறது, ஆளின் மேல் அல்ல. நுணுக்கமான பேச்சு! எங்கள் சமண சமயத்தில் இல்லறத்தாருக்கு வகுத்த கள்ளாமை விரதத்தில் கள்ள எடை, கள்ள அளவு, போலிச் சரக்கு இவை பெயர் சொல்லி விலக்கப்பட்டிருக்கின்றன. சேர்க்கிற பொருளுக்கு வரம்பு கட்டவும் தனியாக ஒரு விரதம் உண்டு. ஆனால் நஷ்டத்தையும் தட்டுப்பாட்டையும் இப்படிப் பிரித்து வைத்துப் பேசியதை நான் காட்டனிடம்தான் படித்தேன்.

படித்தபோது சுருக்கென்றது. 2005 ஜூலை 26ஆம் தேதி வெள்ளம் இந்த ஊர்க்காரர் யாருக்கும் மறக்காது. என் கிடங்கில் இடுப்பளவு தண்ணீர். கம்பி ஆணி மூட்டைகள் பாதிக்கு மேல் துருவேறிப் போயின. மேல் பரணில் இருந்து தப்பிய ஆணி, தார்ப்பாய், கயிறு இவற்றின் விலையை ஒரே நாளில் கூட்டினேன். "இப்ப எங்கயும் சரக்கு கிடையாதுங்க" என்று சொல்லித்தான் விற்றேன். பொய்யில்லை, ஊர் முழுக்கத் தட்டுப்பாடு. ஆனால் கூட்டிய விலையில் தட்டுப்பாடு எவ்வளவு, என் நஷ்டம் எவ்வளவு? காட்டன் வந்து கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பேன்? பிரசங்க மேடையில் இரண்டாகத் தெரிவது கல்லாப்பெட்டியில் ஒன்றாகத்தான் விழுகிறது.

இனிதான் இலக்கியத்துக்கு வருகிறேன். அழுது மன்னிப்புக் கேட்ட கீன் அதோடு அடங்கிவிடவில்லை. பதினான்கு ஆண்டு கழித்து, 1653 ஆகஸ்டில் தன் கையாலேயே உயில் எழுத உட்கார்ந்தார். சுமார் 50,000 சொற்கள்! உயிலா அது? நாவல் அளவு. பெர்னார்ட் பெய்லின் என்ற வரலாற்றாசிரியர் பதிப்பித்த பிரதியை மகன் வாங்கி அனுப்பினான். இன்னாருக்கு இவ்வளவு என்று எழுதிக்கொண்டு போகிறவர் நடுவில் நின்று பழைய வழக்கை எடுத்துவிடுகிறார். நான் இரண்டு ஷில்லிங்குக்குக் கொடுத்த நல்ல கடிவாளத்தைவிட மட்டமானதை இன்றைக்கு மூன்று ஷில்லிங்குக்கு விற்கிறார்களே, யார் கேட்டார்கள் என்கிறார். தங்கப் பொத்தான் டஜன் லண்டனிலேயே இரண்டு ஷில்லிங்குக்கு மேல். நான் விற்றது இரண்டு ஷில்லிங் ஒன்பது பென்ஸ். புகார் சொன்னவர்களோ அந்தக் காசையே தரவில்லை என்கிறார். கடன் சொல்லி வாங்கிப்போனவன்தான் விலையைக் குறை சொல்வான் என்பது அன்றைக்கும் இருந்திருக்கிறது.

ஆணி விவகாரம் இன்னும் ருசி. கணக்குப் புத்தகத்தில் 6 என்பதை 8 ஆகத் திருத்தினார் என்பது குற்றச்சாட்டு. அங்கே ஆறு பென்னி ஆணி, எட்டுப் பென்னி ஆணி என்பது ஆணியின் அளவைக் குறிக்கும் பெயர், நாம் அங்குலத்தில் சொல்வது போல. வாங்கியவர் சிறியது வேலைக்கு ஆகாது என்று திருப்பிக் கொடுத்துப் பெரியதை வாங்கிப்போனார், அதனால் எண்ணைத் திருத்தினேன் என்று விளக்குகிறார் கீன். நாற்பது வருஷமாக ஆணி விற்கிற எனக்கு இதில் சந்தேகமே எழவில்லை. வாரத்துக்கு நாலு பேர் மாற்றிக்கொண்டு போவார்கள். ஆனால் ஒரு மனிதன் சாகப்போகிற நேரத்தில், தன் மீட்பைப் பற்றி எழுத வேண்டிய தாளில், ஓர் எட்டுக்கும் ஆறுக்கும் இவ்வளவு மை செலவழிக்கிறானே, அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

இந்த உயிலைப் பக்தியும் பணமும் மோதிக்கொண்ட ஆவணம் என்று அறிஞர்கள் படிக்கிறார்கள். அது சரிதான். பியூரிட்டன் நம்பிக்கைதான் முதலாளித்துவத்துக்கு விதை போட்டது என்று மேக்ஸ் வெபரைக் காட்டிச் சொல்வார்கள். அதே நம்பிக்கைதான் லாபத்துக்கு அபராதமும் போட்டது என்பதைக் கீனை வைத்துக் காட்டலாம். ஆனால் என் வாசிப்பு கொஞ்சம் வேறு. கீனுக்குள் பக்திமானும் வியாபாரியும் தனித்தனி ஆட்கள் அல்லர். எந்தக் கணக்கு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று உயிலில் விவரமாக எழுதி வைத்தவர் அவர். அதே உயிலில், கர்த்தரின் பந்தியில் உட்காருமுன் தன்னைத் தானே சோதித்துக்கொள்வதைப் பற்றித் தன் கையால் எழுதிய சிறு தோல் அட்டைப் புத்தகம் ஒன்றையும் மகனுக்கு விட்டுச் செல்கிறார். பொன்னைவிட மேலானது, நூறு நூறு தடவை படித்திருப்பேன் என்கிறார். அந்தச் சிறு புத்தகத்தில் ஆன்மாவைச் சோதித்த அதே கைதான் பேரேட்டில் ஆணியையும் எழுதியது. யார் மீட்கப்பட்டவர் என்பது முன்பே முடிவானது, நற்செயலால் அதை வாங்க முடியாது, ஆனால் அதன் அடையாளம் நடத்தையில் தெரியும் என்று நம்பியவர்கள் அவர்கள். அப்படியானால் கணக்கில் விழுந்த ஒரு திருத்தம் வெறும் திருத்தமல்லவே! ஊர் அவரைக் கள்ளக் கணக்கன் என்றது. அது உண்மையானால் அவர் பக்தியும் கள்ளம்.

அந்த நாட்டிலேயே இன்னொரு மன்னிப்பு இதோடு சேர்த்துப் படிக்கத்தக்கது. 1692இல் சேலம் சூனிய வழக்குகளில் 19 பேரைத் தூக்கிலிட்ட நீதிபதிகளில் ஒருவர் சாமுவேல் சூவல். 1697 ஜனவரி 14 அன்று தம் மன்னிப்புச் சீட்டைப் போதகர் வாசிக்க, சபை நடுவே எழுந்து நின்றார். பழியையும் வெட்கத்தையும் ஏற்றுக்கொண்டார். பின்னால் திரும்பப் பெறவில்லை. அவர் சுருக்கமாகச் சொல்லி நின்றார். கீன் 50,000 சொற்களில் திரும்பத் திரும்பச் சுற்றுகிறார். சூவலே பெரிய மனிதர், ஐயமில்லை. ஆனால் எழுத்தாக எனக்குப் பக்கத்தில் நிற்பது கீன்தான். சூவலின் தவறு வெளிச்சமானது. கீனுக்கோ தாம் செய்தது தவறா என்பதே பிடிபடவில்லை. அழுத கண்ணீர் பொய்யில்லை, எழுதிய நியாயமும் பொய்யில்லை.

குறை சொல்லாமல் விடவும் முடியாது. உயில் சலிப்பூட்டுகிறது, சொன்னதையே சொல்கிறது. அதைவிடப் பெரிய குறை, புகார் சொன்னவர்களைக் கடன்காரர்களாகவும் பகைவர்களாகவும் மட்டுமே பார்க்கிறார். புதிய காட்டில் வீடு கட்ட வந்தவனுக்கு ஆணி எவ்வளவு அவசியம், அதைக் கப்பலில் வரவழைக்கிற ஒருவரிடம்தான் அவன் நிற்க வேண்டியிருந்தது என்பது அவர் எழுத்தில் எனக்குத் தட்டுப்படவில்லை. வாங்குகிறவனின் முகம் அங்கே இல்லை. இதே கீன்தான் பிறகு ஒரு பெண்மணியின் காணாமற்போன பன்றிக்காக வழக்கில் மாட்டி, அந்தச் சண்டை முற்றி 1644இல் சட்டசபையே இரண்டு அவையாகப் பிரிந்தது. அது தனிக் கதை. அடுத்த மலரில் பார்க்கலாம்.

தம்மைத் தண்டித்த ஊருக்கு அந்த உயிலிலேயே 300 பவுன் விட்டுச் சென்றார்: சந்தைக் கட்டடம், நூலகம், ஏழைகளுக்குத் தானியக் களஞ்சியம் என்று திட்டம் வேறு. 1656இல் இறந்தார். 1658இல் மரக் கட்டடம் எழுந்தது. கீழே தூண்களுக்கிடையே வியாபாரிகள் கூடினார்கள். மேல் தளத்தில் மன்றம் கூடியது. அது 1711இல் எரிந்துபோக, அங்கே 1713இல் கட்டிய செங்கல் கட்டடம் இன்றும் நிற்கிறது.

கீனைப் படித்து முடித்த வாரம், 2005ஆம் வருஷத்துப் பேரேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடக்க விலை, வண்டிச் சத்தம், அன்றைய சந்தை விலை எல்லாம் போட்டுப் பார்த்ததில் தார்ப்பாய்க்கும் கயிற்றுக்கும் ஓரளவு பிரித்துவிட்டேன். ஆணிக் கணக்கு மட்டும் இன்னும் பிரியவில்லை.