இட் ஹேப்பண்ட் ஒன் நைட்: காதலும் கணக்கும்

இட் ஹேப்பண்ட் ஒன் நைட் 1934 பிப்ரவரியில் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட அமெரிக்கக் காதல் நகைச்சுவைத் திரைப்படமாகும். சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் எழுதிய சிறுகதையைத் தழுவி ராபர்ட் ரிஸ்கின் திரைக்கதை அமைக்க, பிராங்க் காப்ரா இயக்கினார். சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை ஆகிய ஐந்து ஆஸ்கார் விருதுகளையும் ஒருசேர வென்ற முதல் படம் இதுவே.

கோடீசுவரரின் மகள் எல்லி (கிளாடெட் கோல்பர்ட்), தந்தை ஏற்காத வெஸ்ட்லியை மணந்துகொள்கிறாள். மயாமியில் தந்தை அவளை அடைத்துவைத்த உல்லாசப் படகிலிருந்து கடலில் குதித்துத் தப்பி, நியூயார்க் செல்லும் பேருந்தில் ஏறுகிறாள். வேலையிழந்த செய்தியாளன் பீட்டர் (கிளார்க் கேபிள்) அங்கே துணையாகிறான்.

வர்க்க வேறுபாட்டை இப்படம் வசனத்தால் விளக்குவதில்லை. காசும் பசியும் அதைக் காட்டுகின்றன. பணம் தீர்ந்தபின் பீட்டர் பறித்துவரும் பச்சைக் கேரட்டை எல்லி முகம் சுளித்து மறுக்கிறாள். பிறகு பசி தாளாமல் அதையே கடித்துத் தின்கிறாள். அதைக் காணும் பீட்டரின் கோபம் தணிகிறது. அறையை இரண்டாகப் பிரிக்கக் கயிற்றில் தொங்கும் போர்வையே, அவன் ‘எரிகோ மதில்’ என்று பெயரிடும் போர்வையே, பெரிதும் பேசப்படுகிறது. ஆனால் காதல் உறுதியாவது கேரட்டில்தான்.

மகளைக் கண்டுபிடிப்பவருக்குத் தந்தை ஆண்ட்ரூஸ் அறிவித்த பரிசு 10,000 டாலர். பீட்டர் அதைக் கேட்பதில்லை. வழியில் விற்ற தன் பொருட்களையும் சேர்த்துக் கணக்கெழுதி, 39 டாலர் 60 சென்ட் மட்டும் கேட்கிறான். வெஸ்ட்லியோ, திருமணத்தை ரத்துசெய்ய இசைந்து 100,000 டாலர் பெற்றுக்கொள்கிறான். இருவரின் தரமும் இவ்விரு தொகைகளில் தெரிந்துவிடுகிறது.

படத்தின் பலவீனமும் இங்கேதான் உள்ளது. பெருமந்தக் காலத்தின் கொடுமை ஒரே காட்சியில், பேருந்தில் பசியால் மயங்கும் தாயாகவும் அழும் சிறுவனாகவும் வருகிறது. பீட்டரின் பணத்தை எல்லி வாங்கி அவனிடம் கொடுத்ததும் படம் அவர்களை மறந்துவிடுகிறது. செல்வம் மட்டும் கேள்விக்கு உள்ளாவதில்லை. ஆண்ட்ரூஸ் நல்லவராகிவிடுவதால் மோதலே கரைந்துபோகிறது. மணமேடைக்கு நடக்கும்போது மகளின் காதில் உண்மையைச் சொல்லி, தப்பியோடக் கார் காத்திருப்பதாகத் தெரிவிப்பவரும் அவரே. தந்தையை எதிர்த்துக் கடலில் குதித்த பெண், இரண்டாம் முறை அவர் காட்டிய வழியில் ஓடுகிறாள்.

இறுதிக் காட்சியில் போர்வை விழுவதற்கும் ஆண்ட்ரூசின் தந்தி வரவேண்டியிருக்கிறது.