புதிய இயங்குதள வெளியீடுகளும் நிலைத்தன்மையும்: சிறுநகரப் பயனர் நோக்கில் ஒரு மதிப்பீடு

கணினியின் வன்பொருளையும் அதில் இயங்கும் பிற மென்பொருள்களையும் இணைத்து நடத்தும் அடிப்படை மென்பொருள் இயங்குதளம் எனப்படும். விண்டோஸ், லினக்ஸ், மேக் ஓஎஸ், ஆண்ட்ராய்டு ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. இவற்றின் புதிய பதிப்பு வெளியாகும்போதெல்லாம் இரண்டு வகைச் செய்திகள் வருகின்றன. ஒன்று, புதிய வசதிகளின் பட்டியல். மற்றொன்று, நேற்றுவரை ஓடிய பிரிண்டர் இன்று ஓடவில்லை, கோப்புகளைக் காணவில்லை, கணினி பாதி வேலையில் நின்றுவிடுகிறது என்னும் பயனர் புகார்கள்.

இக்கட்டுரை அப்புகார்களை விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய நகரங்களின் பயன்பாட்டுச் சூழலில் வைத்து ஆராய்கிறது. நிலைத்தன்மையை உற்பத்தியாளர் விழுக்காட்டில் கணக்கிடுகிறார். ஒரே ஒரு கணினியை வைத்துத் தொழில் செய்பவர் அதை இழந்த நாட்களில் கணக்கிடுகிறார். இந்த இரண்டு கணக்குகளும் பொருந்தாமல் இருப்பதே மனக்குறையின் வேர் எனலாம்.

நிலைத்தன்மை என்பது

நிலையான இயங்குதளம் என்றால் அடிக்கடி நின்றுபோகாத இயங்குதளம் என்றே பொதுவாகப் பொருள் கொள்கின்றனர். பயனர் எதிர்பார்ப்பது அதைவிடச் சற்று அதிகம். நேற்று செய்த வேலையை இன்றும் அதே முறையில் செய்ய முடிய வேண்டும். பழைய பிரிண்டர், ஸ்கேனர் முதலிய கருவிகள் தொடர்ந்து இயங்க வேண்டும். சேமித்த கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். மாற்றம் வருவதானால் அது எந்த நாளில் வரலாம் என்பதைப் பயனரே முடிவு செய்ய வேண்டும். கடைசியாகச் சொன்ன எதிர்பார்ப்பே பெரும்பாலும் மீறப்படுகிறது.

இரு நகரங்களின் கணினித் தேவை

ராஜபாளையம் நூற்பாலைகளுக்கும், அதைச் சுற்றியுள்ள ஊர்கள் மருத்துவக் கட்டுத்துணி உற்பத்திக்கும் பெயர் பெற்றவை. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபின் சிறிய விசைத்தறிக்கூடத்துக்கும் கணினி கட்டாயமாகிவிட்டது. மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்வோருக்கு விற்பனை விவரப் படிவத்துக்கு 11-ஆம் தேதியும், வரி செலுத்தும் படிவத்துக்கு 20-ஆம் தேதியும் வழக்கமான கெடு நாட்கள். குறிப்பிட்ட மதிப்புக்கு மேற்பட்ட சரக்கு லாரியில் ஏற வேண்டுமானால் மின்வழிச் சீட்டு தேவை. 20-ஆம் தேதி மாலை கணினித் திரையில் "இற்றைப்படுத்தல் நடைபெறுகிறது, கணினியை அணைக்க வேண்டாம்" என்ற அறிவிப்பு வந்தால், அதன் விலை தாமதக் கட்டணமும் வட்டியுமாகும்.

ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரின் தேவை வேறுவகை. விருதுநகர் மாவட்ட முதன்மை நீதிமன்றம் இங்கு அமைந்திருப்பதால், மனுக்களைத் தட்டச்சு செய்வதும் ஆவணங்களை ஸ்கேன் செய்து பிடிஎஃப் கோப்பாக்குவதும் அன்றாட வேலைகள். ஆண்டாள் கோயிலின் ஆடிப்பூரத் திருவிழா நெருங்கினால் அழைப்பிதழ், நன்கொடைச் சீட்டு, வரவேற்புப் பதாகை என டிடிபி மையங்களில் வேலை குவியும். ஆண்டு முழுவதும் வரும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள் இன்னும் அவசரமானவை. காலையில் இறப்புச் செய்தி வந்தால் மதியத்துக்குள் சுவரொட்டி ஒட்டப்பட வேண்டும். இத்தகைய கடைகளில் கணினி பழுதானால் மாற்றுக் கணினியும் இருக்காது, தொழில்நுட்பப் பிரிவும் இருக்காது. கடைக்காரரே இயக்குநர், அவரே பழுது நீக்குநர்.

புகார்களின் வரலாறு

2007 ஜனவரி 30 அன்று பொதுவிற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா இத்தகைய மனக்குறைக்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. பழைய கருவிகளுக்கான டிரைவர்கள் பல அதில் இயங்கவில்லை. சாதாரண கணினிகளில் அது மந்தமாக ஓடியது. ஒவ்வொரு செயலுக்கும் அனுமதி கேட்டு எச்சரிக்கை வந்தது. விஸ்டாவுக்குத் தகுதியானது என ஒட்டப்பட்ட ஒட்டுச்சீட்டு வாங்குவோரைத் தவறாக வழிநடத்தியது என்று அமெரிக்காவில் வழக்கும் நடந்தது. பலர் 2001-இல் வெளிவந்த எக்ஸ்பி பதிப்பிலேயே தங்கி, 2009 அக்டோபரில் விண்டோஸ் 7 வந்தபின் மாறினர். 2012-இல் வந்த விண்டோஸ் 8 ஸ்டார்ட் பொத்தானை நீக்கியது. எதிர்ப்பு எழவே அடுத்த ஆண்டு வந்த 8.1 பதிப்பில் அது திரும்ப வந்தது.

இவ்வரலாற்றில் மிகக் கடுமையான நிகழ்வு 2018 அக்டோபரில் நேர்ந்தது. அம்மாதம் 2-ஆம் தேதி வெளியான விண்டோஸ் 10 இற்றைப்படுத்தல், சில பயனர்களின் ஆவணங்களையும் படங்களையும் அழித்துவிட்டது. கோப்புறைகளை வேறு டிரைவுக்கு மாற்றி அமைத்திருந்தவர்களின் பழைய கோப்புறை, அதில் எஞ்சியிருந்த கோப்புகளோடு நீக்கப்பட்டதே காரணம். சில நாட்களில் மைக்ரோசாப்ட் வெளியீட்டை நிறுத்திவைத்து, நவம்பர் 13 அன்று மீண்டும் வெளியிட்டது. பாதிக்கப்பட்டதாகத் தெரிவித்தவர்கள் 10,000 நிறுவல்களுக்கு ஒருவர் என்ற அளவினரே என்று நிறுவனம் விளக்கியது.

இந்த விளக்கம் எண்ணளவில் சரியாக இருக்கலாம். ஆனால் அந்த ஒருவருக்கு இழப்பு 10,000-இல் ஒரு பங்கு அன்று, முழுமையான இழப்பு. மேலும், வெளியீட்டுக்கு முன்பே சோதனைப் பயனர்கள் சிலர் இக்குறையைத் தெரிவித்திருந்தனர். அவர்களின் புகாருக்குப் பிற பயனர்களின் ஆதரவு வாக்குகள் குறைவாக இருந்ததால் அது கவனம் பெறவில்லை. பின்னரே, பாதிப்பு எவ்வளவு கடுமையானது என்று குறிப்பிடும் வசதி புகார்ப் படிவத்தில் சேர்க்கப்பட்டது. எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று எண்ணிய இடத்தில், என்ன போயிற்று என்று கேட்க நிறுவனம் கற்றுக்கொண்டதன் விலை பயனரின் கோப்புகளாகும்.

கட்டற்ற மென்பொருள் உலகமும் இதற்கு விலக்கன்று. 2008 ஜனவரியில் வெளிவந்த கேடிஇ 4.0 பணிச்சூழலில் முந்தைய பதிப்பின் பல வசதிகள் இல்லை. முன்னோடிப் பயனர்களுக்கான பதிப்பு என உருவாக்குநர்கள் கருதியிருந்தாலும், முழு எண் தாங்கி வந்ததைப் பயனர்கள் முடிந்த பொருளாகவே எடுத்துக்கொண்டனர்.

இந்திய மொழிகளும் சோதனையும்

2018 பிப்ரவரியில் ஐபோனின் ஐஓஎஸ் 11.2.5 பதிப்பில் ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து வந்தாலே செயலிகள் முடங்கின. ஆப்பிள் நிறுவனம் 11.2.6 பதிப்பில் அதைச் சரிசெய்தது. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட மக்கள் கணிசமாக வாழும் ராஜபாளையத்தில், வீட்டுமொழியின் ஓர் எழுத்து கைப்பேசியை முடக்கியது என்பது வேடிக்கைச் செய்தி ஆகாது. கோடிக்கணக்கானோர் எழுதும் மொழியின் எழுத்துகூட வெளியீட்டுக்கு முன் போதிய அளவு சோதிக்கப்படவில்லை என்பதையே அது காட்டியது.

தமிழின் சிக்கல் இதனினும் பழையது. ஒருங்குறி பரவுவதற்கு முன் உருவான தமிழ் எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில் டாம், டாப் ஆகிய குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் முன்வைக்கப்பட்டன. அதற்குள் பல எழுத்துருக்கள் தத்தம் வழியில் அச்சகங்களில் வேரூன்றியிருந்தன. அந்த எழுத்துருவில் அமைத்த அழைப்பிதழை அது இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். அச்சகங்கள் நம்பியிருந்த பேஜ்மேக்கர் மென்பொருளின் கடைசிப் பெரிய பதிப்பு 2001-இல் வந்த 7.0. அது ஒருங்குறித் தமிழைக் கையாளாது.

எனவே புதிய இயங்குதளத்துக்கு மாறுவது என்பது டிடிபி மையத்துக்கு ஒரு மென்பொருளை மாற்றுவதோடு முடிவதில்லை. தமிழ் விசைப்பலகை மென்பொருள், எழுத்துரு, பக்க வடிவமைப்பு மென்பொருள், பிரிண்டர் டிரைவர் ஆகிய அனைத்தும் ஒருசேர மாற வேண்டும். விண்டோஸ் 11 பதிப்பு 64-பிட் வடிவில் மட்டுமே கிடைக்கிறது. 32-பிட் காலத்து டிரைவர்கள் அதில் இயங்கா. பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த அழைப்பிதழ் மாதிரிகளும் பயனற்றுப் போகக்கூடும். பழைய பதிப்பை விடாமல் பிடித்துக்கொள்ளும் கடைக்காரரைப் புதுமைக்கு அஞ்சுபவர் என்று கூறுவது இந்தக் கணக்கை அறியாத பேச்சாகும்.

உற்பத்தியாளர் தரப்பு

இற்றைப்படுத்தலைக் கட்டாயமாக்குவதற்கு வலுவான காரணம் உண்டு. 2017 மே மாதத்தில் பரவிய வான்னகிரை என்னும் பணயத் தீநிரல் பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அவ்வாண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகளே பெரிதும் சிக்கின. எண்ணற்ற வகை வன்பொருள்களில் ஒரே இயங்குதளம் ஓட வேண்டியிருப்பதால், எல்லாச் சேர்க்கைகளையும் முன்கூட்டியே சோதிப்பதும் இயலாது.

இவ்விரு வாதங்களும் ஏற்கத்தக்கவை. ஆயினும் பாதுகாப்புத் திருத்தம் வேறு, புதிய தோற்றமும் வசதிகளும் வேறு. முதலாவது அவசரம், இரண்டாவது காத்திருக்கலாம். இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தி அறிவிப்புகளை அனுப்பும்போது, புதுமையால் அடிபட்டவர் பாதுகாப்பையும் சேர்த்தே அணைத்துவிடுகிறார்.

நிலைத்தன்மை யாருக்குக் கிடைக்கிறது

விண்டோஸில் நீண்டகால நிலைத்தன்மைக்கென்றே எல்டிஎஸ்சி என்னும் தனிப் பதிப்பு உண்டு. புதிய வசதிகள் இன்றி, 5 முதல் 10 ஆண்டுகள்வரை திருத்தங்கள் மட்டும் அதற்கு வரும். ஆனால் அது மொத்த உரிமம் பெறும் நிறுவனங்களுக்கானது. கடைக்காரர் வாங்கும் கணினியில் பெரும்பாலும் ஹோம் பதிப்பே இருக்கும். அதில் இற்றைப்படுத்தலை 35 நாட்கள்வரை தள்ளிவைக்கும் வசதியே 2019 மே மாத வெளியீட்டில்தான் கிடைத்தது. தனித் தொழில்நுட்பக் குழு வைத்திருக்கும் பெருநிறுவனத்துக்கு அமைதியான பதிப்பு, ஒற்றைக் கணினி வைத்திருப்பவருக்கு முதல் நாள் புதுமை என்ற இந்த ஏற்பாடு தலைகீழானது. இழப்பைத் தாங்க இயலாதவரே முதலில் சோதனைக்கு ஆளாகிறார்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிவடைந்தது இதற்கு மற்றொரு சான்று. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும், குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தைய செயலியும் தேவை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் பல இதனால் பட்டியலுக்கு வெளியே நின்றன. வீட்டுப் பயனர்களுக்கு ஓராண்டு நீட்டிப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டாலும், அது தள்ளிவைப்பே அன்றித் தீர்வு ஆகாது.

மாற்று முறைகள்

வேறுவகையாகவும் நடத்த முடியும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. டெபியன் லினக்ஸ் நிலையான பதிப்பு, சோதனைப் பதிப்பு, நிலையற்ற பதிப்பு எனத் தெளிவாகப் பிரித்துப் பெயரிடுகிறது. ஆயத்தமான பின்னரே வெளியிடுவது அதன் நெறி. உபுண்டு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடும் எல்டிஎஸ் பதிப்புக்கு 5 ஆண்டுகள் ஆதரவு தருகிறது. அதை எவரும் கட்டணமின்றிப் பெறலாம். அதன் முதல் எல்டிஎஸ் பதிப்பு 2006 ஏப்ரலில் வர வேண்டியது. செம்மைப்படுத்துவதற்காக ஜூனுக்குத் தள்ளப்பட்டதால் அதன் எண் 6.04 ஆகாமல் 6.06 ஆயிற்று. இந்திய மாவட்ட நீதிமன்றங்களின் மின்நீதிமன்றத் திட்டம் உபுண்டுவைத் தேர்ந்தெடுத்துள்ளது. கேரளத்தில் கைட் நிறுவனம் பள்ளிகளுக்கென உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட தொகுப்பை வழங்குகிறது.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் சிடாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் நிறுவித் தரப்பட்டது. நல்ல தொடக்கம்தான். ஆனால் இயங்குதளத்தைக் கொடுப்பது ஒரு நாள் வேலை, அதைப் பழக்குவதும் பராமரிப்பதும் ஆண்டுக்கணக்கான வேலை. ஊரில் பழுது பார்ப்பவருக்கு லினக்ஸ் தெரியாவிட்டால், அதன் நிலைத்தன்மை மாணவருக்குப் பயன்படாது. அச்சக மென்பொருள்களும் கணக்கு மென்பொருள்களும் பல விண்டோஸை நம்பியே இருப்பதும் மறுக்க முடியாத தடையாகும்.

பயனர் கவனிக்க வேண்டியவை

1. புதிய பெரும்பதிப்பை வெளியான உடனே நிறுவாமல் சில மாதங்கள் பொறுத்திருக்கலாம். பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தள்ளிப்போடக் கூடாது.
2. மாறுவதற்கு முன் முக்கியக் கோப்புகளை வெளி வன்தட்டில் படியெடுத்து, அந்தப் படி திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.
3. கெடு நாட்களுக்கும் திருவிழா நாட்களுக்கும் முன் இற்றைப்படுத்தலைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, வேலை முடிந்ததும் மீண்டும் தொடங்க வேண்டும்.
4. பிரிண்டர், ஸ்கேனர் ஆகியவற்றுக்குப் புதிய பதிப்பில் டிரைவர் உண்டா என்பதைத் தயாரிப்பாளரின் தளத்தில் முதலில் சரிபார்க்க வேண்டும்.
5. பழைய எழுத்துருவில் உள்ள தமிழ் ஆவணங்களைச் சிறிது சிறிதாக ஒருங்குறிக்கு மாற்றிவர வேண்டும்.

மதிப்பீடு

மேற்கண்டவை பயனரின் பொறுப்புகள். அவற்றை அவர் செய்கிறார் என்பதற்காக உற்பத்தியாளரின் பொறுப்பு குறைந்துவிடாது. பாதுகாப்புத் திருத்தத்தையும் புதிய வசதிகளையும் பிரித்துத் தருவது, நீண்டகாலப் பதிப்பைத் தனிப்பயனருக்கும் திறந்துவிடுவது, தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வெளியீட்டுக்கு முன்பே சோதிப்பது ஆகிய மூன்றும் நியாயமான கோரிக்கைகள். ஸ்டார்ட் பொத்தான் திரும்பியது, தள்ளிவைக்கும் வசதி கிடைத்தது, புகாரில் கடுமையைக் குறிக்க முடிந்தது ஆகிய அனைத்தும் பயனர்கள் வாய்விட்டுச் சொன்னதால் வந்தவை. சகித்துக்கொண்ட குறைகள் அடுத்த பதிப்பிலும் தொடர்ந்தன. ஆகவே குறையைத் தேதி, பதிப்பு எண், நேர்ந்த இழப்பு ஆகிய விவரங்களுடன் தெளிவாகப் பதிவு செய்வதும் கணினிக் கல்வியின் ஒரு பகுதியாகக் கற்பிக்கப்பட வேண்டும்.