மாணவருக்கு அங்கே என்ன வேலை? – ஓர் இசைக்குழுவின் பல்கலைக்கழக வருகை குறித்த திறனாய்வு



நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் 1842இல் தொடங்கப்பட்ட இசைக்குழு. 2015 அக்டோபரில் அது அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு வந்து சில நாள் தங்கியது. அங்குள்ள யூஎம்எஸ் என்ற இசை அமைப்போடு செய்துகொண்ட ஐந்தாண்டு உடன்பாட்டின் முதல் கட்டம் அது. 2017இல் மறுபடியும் வந்தார்கள். இப்படித் தொழில்முறைக் கலைஞர்கள் ஒரு கல்விக்கூடத்தில் தங்கி, கச்சேரி நடத்துவதோடு மாணவர்களுக்கும் கற்பிப்பதை வதிவிடத் திட்டம் என்கிறோம்.

"நமக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். பள்ளிக்கு ஒரு கவிஞரையோ நாடகக் குழுவையோ அழைக்கும்போது நாமும் சின்ன அளவில் இதைத்தானே செய்கிறோம்? வந்தவர் திறமைசாலி என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால், அவர் வந்ததால் மாணவர் என்ன கற்றார்? இந்த ஒரு கேள்வியை அளவுகோலாக வைத்து மிச்சிகன் நிகழ்ச்சிகளைப் பார்ப்போம்.

கச்சேரியும் வகுப்பும்

கச்சேரிகள் நடந்த ஹில் அரங்கம் 1913இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 3,500 பேர் அமரலாம். ஒலியமைப்புக்குப் பேர்போன இடம். 1954இல் வெளிவந்த 'ஆன் தி வாட்டர்ஃபிரண்ட்' படத்தைத் திரையிட்டு, லெனார்ட் பெர்ன்ஸ்டைன் அதற்கு அமைத்த இசையை அங்கேயே நேரில் வாசித்தார்கள். அருமையான அனுபவம்தான். ஆனால் மாணவருக்கு அங்கே என்ன வேலை? டிக்கெட் வாங்கிக் கேட்பது மட்டும்தான்.

மாஸ்டர் கிளாஸ் இன்னும் ஒரு படி மேல். ஒரு மாணவர் வாசிப்பார், கலைஞர் நான்கைந்து சுரங்களிலேயே நிறுத்தி, "இந்த இடத்தில் மூச்சை எங்கே எடுக்கிறாய்?" என்பதுபோல ஒன்றைக் கேட்டு மீண்டும் வாசிக்கச் சொல்வார். திருத்தம் நடப்பது எல்லார் கண் முன்னாலும் தெரியும். இதன் குறை என்னவென்றால், மேடையேறும் வாய்ப்பு பெரும்பாலும் ஏற்கெனவே நன்றாக வாசிப்பவருக்கே போகும். மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். நம் பள்ளிகளிலும் விருந்தினர் வந்தால் முன்வரிசை யாருக்கு என்று உங்களுக்கே தெரியும்!

திடலில் நடந்தது

அதே வாரம் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் காற்பந்து ஆட்டத்தின் இடைவேளையில், இசைக்குழுவின் பித்தளைக் கருவிக் கலைஞர்கள் மாணவர்களின் அணிவகுப்பு இசைக்குழுவோடு சேர்ந்து வாசித்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய திடல் அது. "இது வெறும் விளம்பரம்" என்று சொல்லத் தோன்றும். விளம்பரம் இல்லை என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனாலும் இந்த மூன்று நிகழ்ச்சிகளில் நம் அளவுகோலுக்கு மிக அருகில் வருவது இதுதான் என்பது என் கருத்து.

காரணம் இருக்கிறது. கோல் கோட்டுக்குக் கோல் கோடு திடலின் நீளம் 100 கெஜம், அதாவது சுமார் 91 மீட்டர். ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய கால் விநாடி ஆகும். காதில் கேட்பதை நம்பி வாசித்தால் தாளம் பிசகிவிடும்; நடத்துபவரின் கையைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். அரங்கத்தில் ஒருவரையொருவர் கேட்டு வாசித்துப் பழகியவர்களுக்கு அது வேறு உலகம். மாணவர்களுக்கோ அது தினசரிப் பயிற்சி. அதாவது அந்தத் திடலில் மாணவர்கள் வீட்டுக்காரர்கள், வந்தவர்கள் விருந்தாளிகள். மாணவர் இல்லாவிட்டால் நிகழ்ச்சியே இல்லை.

பழைய முன்மாதிரி

இதே ஊரில் இதைவிட ஆழமான ஒரு முன்மாதிரி முன்பே இருந்தது. 1894இல் தொடங்கிய மே விழாவுக்கு, 1936 முதல் 1984 வரை ஃபிலடெல்ஃபியா இசைக்குழு தொடர்ந்து வந்தது. அந்த விழாவில் பல்கலைக்கழகத்தினரும் ஊர்மக்களும் சேர்ந்த கோரல் யூனியன் என்ற பாடகர் குழு அவர்களோடு மேடையேறிப் பாடியது. பெரிய கோரஸ் படைப்பு ஒன்றைப் பாட வேண்டுமானால் மாதக்கணக்கில் ஒத்திகை வேண்டும். எனவே கலைஞர்கள் ரயிலோ பேருந்தோ ஏறும் முன்பே கற்றல் தொடங்கிவிடும். அவர்கள் வந்திறங்கும் நாள் அதன் கடைசிக் கட்டம். "கல்வித் திட்டம்" என்று பெரிதாகப் பெயர் வைக்காமலேயே அது கற்பித்தது.

2015 திட்டத்தின் பலம், திரும்பத் திரும்ப வருவோம் என்ற வாக்கு. முதலாம் ஆண்டில் பார்த்த மாணவரை மூன்றாம் ஆண்டில் மறுபடி பார்க்க அதனால் வழி உண்டு. அதன் பலவீனம், நிகழ்ச்சிகளில் கணிசமானவை மாணவரைப் பார்வையாளராகவே வைத்தது. இதற்கு ஒரு மறுப்பும் உண்டு: நல்ல இசையைக் கேட்பதும் கற்றல்தானே? உண்மைதான். ஆனால் அதற்குக் கச்சேரி ஒன்றே போதும். தங்கிக் கற்பிக்க ஒரு குழு வரும்போது நாம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே எதிர்பார்க்கலாம்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு

மேலே செய்ததைக் கவனியுங்கள். "சிறப்பாக இருந்தது" என்று மட்டும் எழுதினால் அது பாராட்டுரை. முதலில் ஓர் அளவுகோலைச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு பகுதியையும் அதே அளவுகோலால் அளந்து, மறுப்பையும் எழுதி, அதற்குப் பதிலும் சொல்லுங்கள். இடையில் அளவுகோலை மாற்றிவிட்டால் கட்டுரை தடம் மாறிவிடும்.

ஆசிரியர்களுக்கு

அடுத்த முறை ஓர் எழுத்தாளரைப் பள்ளிக்கு அழைக்கும் முன் மூன்று கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள்:

1. அவர் வருவதற்கு முன் மாணவர்கள் என்ன தயாரித்து வைத்திருப்பார்கள்?
2. வகுப்பில் பின்வரிசையில் இருக்கும் பிள்ளைக்கு அன்று என்ன வேலை?
3. அவர் மீண்டும் எப்போது வருவார்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைப்பது கஷ்டம்தான். முதல் இரண்டும் நம் கையில்தான் இருக்கின்றன.