கடிகார முகப்பும் கல்தூசியும்

மலிவான கைக்கடிகாரத்தின் முகப்பில் கீறல் விழ ஆணி தேவையில்லை; தூசியே போதும். அதுவும் செஞ்சி போன்ற பாறை நாட்டின் கல்தூசி என்றால் சொல்லவே வேண்டாம். கல்தூசியில் கலந்திருக்கும் குவார்ட்ஸின் கடினம் மோ அளவில் 7. சாதாரணக் கண்ணாடிக்கு ஏறக்குறைய 5.5. அக்ரிலிக் பிளாஸ்டிக் அதனினும் மிருது.

அந்த மிருதுதான் அக்ரிலிக்கின் அருங்குணம்; கீறலைத் தேய்த்தே போக்கிவிடலாம். எச்.எம்.டி. ஜனதா போன்ற சாவி கொடுக்கும் கடிகாரங்களின் அக்ரிலிக் முகப்பை முதலில் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்; இல்லையேல் ஒட்டிய தூசியே புதுக் கீறல் போடும். பிறகு விளிம்பில் டேப் ஒட்டி, வெள்ளைப் பற்பசையைப் பருத்தித் துணியில் தொட்டு, சில நிமிடம் வட்டமாகத் தேய்த்தால் மெல்லிய கீறல்கள் மறைந்து முகப்பு பளிச்சென்று தெளியும். நகம் சிக்கும் ஆழமான கீறலை முதலில் நுண்ணிய வாட்டர் பேப்பரால் தேய்க்க வேண்டும். மினரல் கண்ணாடி முகப்போ இதற்கெல்லாம் மசியாது; மாற்றிவிடுவதே மேல்.

புதிதாக வாங்குவோர் முகப்பைவிடச் சற்று உயர்ந்த விளிம்பைப் பார்க்கலாம். உரசலை அது தாங்கிக்கொள்ளும். இருட்டில் ஒளிரும் முள்ளும் கிழமை, தேதியும் அன்றாடம் உதவும். '30 மீட்டர்' என்ற நீர்புகா முத்திரை மழைத்தூறலுக்கு மட்டுமே; கிணற்றில் நீந்த 100 மீட்டர் வேண்டும்.