வில்லை இறுக்கவிடாத பிடி

கடையில் கையில் எடுத்ததுமே ‘ஆகா, என்ன சுகம்’ என்று சொல்லவைக்கும் பிடியை வாங்காதீர்கள். ரிகர்வ் வில்லின் ரைசரோடு (வில்லின் நடுத்தண்டோடு) வந்த பிளாஸ்டிக் பிடியைக் கழற்றிவிட்டு, இரண்டு மாற்றுப் பிடிகளை மாட்டி எய்து பார்த்தேன். ஒன்று, விரல் பதிய வளைவு வெட்டிய ரப்பர் பிடி. மற்றது, உள்ளங்கை படும் பக்கம் தட்டையாகச் சீவிய மரப்பிடி.

ரப்பர் பிடி பழகிய செருப்புப் போல இதமாக இருந்தது. கோளாறே அதுதான். கை எங்கே உட்கார்ந்தாலும் இதமாகவே இருக்கிறது. இடம் தவறியது தெரிவதில்லை. போதாததற்கு, விரல் வளைவுகள் ‘இறுக்கிப் பிடி’ என்று தூண்டுகின்றன. இறுக்கினால், நாணை விடும் நேரத்தில் வில் ஒரு பக்கம் திரும்பும். 70 செ.மீ. அம்பின் முனை 1 மி.மீ. விலகினால், 70 மீட்டரில் அது 10 செ.மீ. ஆகிவிடும். ஒலிம்பிக் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 12.2 செ.மீ.தான்!

மரப்பிடி கறாரானது. அதன் விளிம்பு ஆயுள் ரேகையை ஒட்டி விழ வேண்டும். பாரம் முழுவதும் கட்டைவிரல் மேட்டில் இறங்க வேண்டும். சுண்டுவிரல் பக்கம் பிடியைத் தொடவே கூடாது. விரல் முட்டிகள் சுமார் 45 பாகை சாய்ந்திருந்தால் சரி. கொஞ்சம் பிசகினாலும், இழுக்கும் முன்பே விளிம்பு உறுத்திக் காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு இந்த உறுத்தல்தான் வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. வியர்த்தால் வழுக்குகிறது. டென்னிஸ் மட்டைக்குச் சுற்றும் டேப்பை ஒரே சுற்றுச் சுற்றினால் அடங்கும். இரண்டு சுற்று வேண்டாம், தட்டைப் பரப்பு உருண்டுவிடும். கைக்குப் பள்ளமாகத் தெரியும் இடத்தில் எபாக்சி புட்டி வைத்து, இறுகியபின் உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளலாம். (தேய்க்கும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.) விரல்கள் தளர்ந்திருப்பதால் அம்பு போனதும் வில் முன்னால் பாயும், அது விழாமல் விரல்களோடு பிணைக்கும் ஃபிங்கர் ஸ்லிங் கட்டாயம். ஷூ லேஸில் நீங்களே கட்டிக்கொள்ளலாம், காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

வாங்கும்போது ரைசரின் மாடலைச் சொல்லிக் கேளுங்கள். ஹோய்ட் ரைசருக்குச் செய்த பிடி வின் அண்ட் வின் ரைசரில் பொருந்தும் என்று நம்பிவிட முடியாது. மாட்டியதும் திருகாணியைச் சோதியுங்கள்; பிடி ஆடினால் மேலே சொன்ன எதுவும் செல்லாது.

கப்பி வைத்த கம்பவுண்ட் வில்காரர்களுக்கு இந்த மரப்பிடியைப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களில் பலர் பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒல்லியான வெறும் ரைசரிலேயே கையை வைத்து எய்கிறார்கள். முழு இழுப்பில் கைக்கு வரும் பாரம் அவர்களுக்குக் குறைவு, அந்த ஒல்லி இடமே போதும்.