அடியைப் பார்த்து வாங்கியவன்

தாம்பரத்தில் ரயில் ஏறினால் பல்லாவரம் மூன்றாவது ஸ்டேஷன். அங்கே வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய கடிகாரங்களுக்கும் செடிகளுக்கும் நடுவே ஒரு தார்ப்பாயில் இரண்டு கண்ணாடி ஜாடிகள் இருந்தன. தேன் நிற ஜாடி 400 ரூபாய். நீல ஜாடி 1,500. ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கேட்டேன். "தம்பி, நீலத்தோட அடியப் பாருங்க, கையெழுத்து இருக்கு. ஃபாரின் சாமான்" என்றார் கடைக்காரர். ஊசியால் கீறியது போல ஏதோ ஒரு பெயர், படிக்க முடியவில்லை. 1,200க்குப் பேசி வாங்கி வந்தேன்.

இரண்டு வாரம் அந்தப் பெயரைத் தேடினேன். கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பல வருஷம் மேசையில் இழுபட்ட ஜாடியின் அடியில் மெல்லிய கீறல்கள் கன்னாபின்னாவென்று விழுந்திருக்கும். கையெழுத்தும் அதே வயது என்றால் அந்தக் கீறல்கள் கையெழுத்தின் மேலும் ஓட வேண்டும். என் ஜாடியில் கையெழுத்துதான் கீறல்களை வெட்டிக்கொண்டு போகிறது. ஜாடி பழசு, பெயர் புதுசு. கடைக்காரருக்கே இது தெரிந்திருக்காது. எத்தனை கை மாறி வந்ததோ!

கடுப்பில் அதை அலமாரி மேல் தூக்கிப் போட்டேன். பெயர்தான் பொய், ஜாடி பொய்யில்லை என்று உறைக்கச் சில நாள் ஆனது.

மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஊதிய கண்ணாடியின் வாயைச் சரிசெய்ய, அடியை ஓர் இரும்புக் கம்பியில் ஒட்டிப் பிடிப்பார்கள். கம்பியை உடைத்து எடுத்ததும் அங்கே தொப்புள் மாதிரி ஒரு தழும்பு நிற்கும். என் ஜாடியில் அதை யாரோ பொறுமையாகத் தேய்த்துக் குழித்திருக்கிறார்கள். அச்சின் இணைப்புக் கோடு எங்கும் இல்லை. சுவர் ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெல்லிசு. குமிழ்கள் சாய்ந்து நீண்டிருக்கின்றன. இதில் எதுவும் தனியாகத் தீர்ப்பு சொல்லாது: அச்சுக்குள் சுழற்றி ஊதினாலும் கோடு விழாது, நகல் செய்பவரும் தழும்பு வைப்பார். எல்லாம் சேர்ந்தால்தான் சாட்சி.

அப்படியே உண்மையான கையெழுத்து இருந்தாலும் அது யாருடைய பெயர்? பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞர் எமில் காலே 1904இல் இறந்தார். அதன் பிறகும் அவர் பட்டறை அவர் பெயரிலேயே ஜாடிகள் செய்து விற்றது; இறந்த உடனடி ஆண்டுகளில் பெயரோடு ஒரு நட்சத்திரம் சேர்த்துப் பொறித்தார்கள். உலை முன் நின்று ஊதியவரின் பெயர் அதில் இல்லை. கையெழுத்து பெரும்பாலும் பட்டறையின் பெயர்தான், மூச்சின் பெயர் அல்ல.

நமக்கு இது புதிதும் அல்ல. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் கிடைத்த சிறு கண்ணாடி மணிகளில் எந்த முத்திரையும் கிடையாது. குழாயாக இழுத்து, நறுக்கி, மறுபடி சூடாக்கி முனை மழுக்கியவை. உள்ளே இருக்கும் குமிழ்கள் துளையின் போக்கிலேயே நீண்டிருக்கும். அந்தச் செய்முறையை வைத்தே இனம் கண்டு, ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் இவ்வகைக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயரிட்டார். குறுந்தொகையிலும் இதே கதை. நாற்பதாம் பாட்டை எழுதியவர் பெயர் தெரியாது. அவர் சொன்ன உவமையிலிருந்தே பெயர் எடுத்துச் செம்புலப்பெயல்நீரார் என்றார்கள். பெயர் தெரியாத இடத்தில் வேலையைப் பார்த்துப் பெயர் வைத்தவர்கள் நம் ஆட்கள். நாமோ இன்று கவிதையைப் படிக்கும் முன் எழுதியவர் யாரென்று பார்க்கிறோம்.

பெயருக்குச் சந்தையில் விலை உண்டு, அதை மறுக்க முடியாது. "பிரெஞ்சுன்னு போட்டு வித்துடுடா, எட்டாயிரம் போகும்" என்றான் நண்பன். "கையால் ஊதியது, செய்தவர் தெரியாது, அடியில் உள்ள பெயர் பிற்பாடு கீறப்பட்டது" என்று எழுதி விளம்பரம் போட்டேன். யாரும் கேட்கவில்லை. ஜாடி என் மேசையில் இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை அந்தத் தேன் நிற ஜாடியைத் தேடிப் போனேன். யாரோ வாங்கிப் போயிருந்தார்கள். அதன் வாய் அகலமா குறுகலா என்று யோசித்தேன், நினைவில்லை. அன்றைக்கு நான் அதன் அடியை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.